பொத்தான் டப்பாவில் ஓர் எர்த் பின்

அன்புள்ள பிரபு,

உன் ரிசப்ஷனைக் கால் மணி நேரம் நிறுத்தி வைத்தது நான்தான். அதற்காக நான் வருத்தப்படவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் அம்மா எந்த இடத்தில் மன்னிப்புக் கேட்பாள் என்று தேடிக்கொண்டே கடிதம் முழுவதையும் படிப்பாய். மன்னிப்பு ஒன்று இருக்கிறது. ஆனால் அது வேறு விஷயத்துக்கு. வரவேண்டிய இடத்தில் அது வரும்.

ஸ்ரீரங்கம் மண்டபத்து வாசலில் காரில் ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடியை இறக்கி, "ஏம்மா அப்படிக் கத்துன? எல்லாரும் பாத்தாங்க" என்று கேட்டாய். பக்கத்தில் நித்யா மாலையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். "போயிட்டு வாங்க, அப்புறம் சொல்றேன்" என்றேன். நீங்கள் சென்னைக்குப் போய் மூன்று வாரம் ஆகிவிட்டது. இது போனில் சொல்கிற விஷயம் இல்லை. போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நீ பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவைப்பாய். அதனால் எழுதுகிறேன். எழுதியதை நித்யாவின் அப்பாவுக்கும் ஒரு பிரதி அனுப்புவேன். நம் குடும்ப வாட்ஸப் குழுவிலும் போடுவேன். இப்போதே கோபப்பட்டுக்கொள். மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தபோது நீ வாயை மூடிக்கொண்டு நின்றாய். அதற்குப் பதிலும் ஆட்கள் நடுவில்தான் வரவேண்டும்.

எப்போது வாயை மூடினேன் என்று கேட்பாய். நான் சிந்தசைசர் வாசித்து முடித்து மேடையிலிருந்து இறங்கியதும் நித்யாவின் பெரியப்பா உன் தோளைத் தட்டி, "மாப்ள சவுண்ட் இன்ஜினியர் இல்லீங்களா, அதான் சவுண்டு இவ்ளோ சுத்தமா இருக்கு" என்றார். நான் இரண்டு அடி தள்ளி நின்றிருந்தேன். நீ சிரித்தாய். அவ்வளவுதான் செய்தாய்.

அந்தப் பெரியப்பாவும் இதைப் படிக்கப் போகிறார் என்பதால் முன்கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தவள். உன் அப்பா பணிமனையில் பெயின்டர். தையல் மெஷினுக்கு மோட்டார் வைத்தோம். அது கெட்டுப்போனபோது ரிப்பேர்காரர் மூன்று தடவை வந்து மூன்று தடவையும் வேறு வேறு காரணம் சொன்னார். நாலாவது தடவை நானே திறந்தேன். உள்ளே கார்பன் தேய்ந்திருந்தது, வேறொன்றும் இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. அதற்குப் பிறகு இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி, டேப் ரெக்கார்டர் என்று எதையும் வெளியே கொடுத்ததில்லை. யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. தெப்பக்குளம் பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய் நின்றால் "அண்ணன் வரலீங்களா?" என்றுதான் கேட்பார்கள். "அண்ணனுக்கு பல்பு மாட்டத் தெரியாதுங்க, எனக்கு சால்டரிங் ஈயம் குடுங்க" என்பேன்.

சிந்தசைசர் என்னிடம் வந்ததும் ரிப்பேருக்காகத்தான். திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழு கலைந்தது. கீபோர்டு வாசித்த தம்பி குவைத்துக்குப் போகும் அவசரத்தில் இதைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். சரி செய்துவிட்டுப் போன் போட்டேன். "நீங்களே வச்சுக்கங்கக்கா, அங்க போய் நான் எங்க வாசிக்கப் போறேன்" என்றார். அது பழைய மோனோ சிந்தசைசர். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பேசும். இரண்டு கட்டையைச் சேர்த்து அழுத்தினால் ஒன்றுக்கு மட்டும்தான் காது கொடுக்கும். வெளியே சத்தம் வருவதற்கும் ஒரே ஒரு துளைதான். உன் அப்பா அதைப் பார்த்த அன்றே, "உன்ன மாதிரியே இருக்கு. ஒண்ணு புடிச்சா ஒண்ணுதான்" என்றார். காதால் கேட்டுக் கேட்டு அதில் வாசிக்கப் பழகினேன். நீ தூங்கியதும் சாப்பிட்டதும் அழுததும் அந்தச் சத்தத்தில்தான். பிற்பாடு சவுண்ட் இன்ஜினியரிங் படிக்கப் போனபோது இன்டர்வியூவில் ஆர்வம் எப்படி வந்தது என்று கேட்டார்கள். ரேடியோ கேட்டு வந்தது என்று சொன்னாயாம். அதையும் நான் மறக்கவில்லை. ஆனால் அது வேறு கணக்கு.

போன தீபாவளிக்கு நீ ஒரு எஃபெக்ட்ஸ் பெட்டி வாங்கி வந்தாய். கையகலப் பெட்டி, நாலு குமிழ். ஸ்டீரியோ. ஒற்றைச் சத்தத்தை உள்ளே விட்டால் இடது பக்கமும் வலது பக்கமும் எதிரொலியாகப் பிரித்து விடும், கோயில் மண்டபத்துக்குள் நின்று வாசிக்கிற மாதிரி இருக்கும் என்றாய். கல்யாணம் பேச்சில் இருந்த சமயம் அது. "ரிசப்ஷன்ல நீ ஒரு பீஸ் வாசிம்மா, இதுல போட்டு" என்று சொன்னது நீதான். நான் கேட்கவில்லை. நீ சொன்னாய். நீ ஊருக்குப் போன மறுநாள் மாடி அறையில் பெட்டியை மாட்டி ஆன் செய்தேன். உம்ம்ம் என்று ஒரு இரைச்சல். சுரம் அழுத்தினாலும் இருந்தது, அழுத்தாவிட்டாலும் இருந்தது. எதிரொலியைக் கூட்டினால் இரைச்சலுக்கும் எதிரொலி வந்தது.

உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய் என்பது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது.

"அம்மா, அது முப்பது வருஷத்து மெஷின். ஹம்மிங் வரத்தான் செய்யும். பெட்டில தப்பே இல்ல, புதுசு."

"தீபாவளிக்கு முந்தின நாள் வரைக்கும் வரலியேடா."

"முன்னாடியும் வந்திருக்கும், உனக்குக் கேட்டிருக்காது. பேசாம அத எடுத்து வச்சிடு. நான் லேப்டாப்ல அதே சவுண்டு பண்ணித் தரேன், நீ கட்டைய மட்டும் அழுத்து. இல்லன்னா வைகாசிக்குள்ள ஹம்மிங்க நிறுத்து, பாக்கலாம். நிக்கலன்னா நான் வேற கீபோர்டுக்காரர பேசிடறேன்."

எனக்குக் கேட்டிருக்காது என்று சொன்னாய். தையல் மெஷின் சத்தத்தில் ஊசி மழுங்கியிருப்பதைக் கண்டுபிடிக்கிறவளிடம் சொன்னாய். வைகாசி என்று கெடு வைத்தாயே, அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

முதலில் பெட்டியோடு வந்த தாளில் இருந்த படங்களை உட்கார்ந்து பார்த்தேன். எழுத்து புரியாத இடத்தில் படம் புரிந்தது. பிறகு நீ கொடுத்த வயரைப் பார்த்தேன். அதன் பிளக்கில் இரண்டு கறுப்பு வளையங்கள் இருந்தன. பெட்டி ஸ்டீரியோ என்பதால் வயரையும் ஸ்டீரியோவாகவே வாங்கி வந்திருக்கிறாய். அந்தப் பிளக்கின் நுனி இடது பக்கத்துக்கு, நடுத்துண்டு வலது பக்கத்துக்கு, அடிப்பாகம் எர்த்துக்கு. என் சிந்தசைசர் நுனிக்கு மட்டும்தான் சத்தம் கொடுக்கும். அதன் துளைக்குள் அந்த நடுத்துண்டை யாரும் தொடுவதே இல்லை. ஆகப் பெட்டியின் வலது பக்கம் ஒன்றோடும் சேராமல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு, அறையில் ஓடுகிற கரன்டின் இரைச்சலை எல்லாம் இழுத்துக் குடித்துக்கொண்டிருந்தது. வயர் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் இரைச்சல் ஏறியது, எடுத்தால் இறங்கியது. அதை வைத்துத்தான் பிடித்தேன். தையல் மேசை இழுப்பறையிலிருந்த பழைய மோனோ வயரை எடுத்தேன். ஒரே வளையம் உள்ளது. அதைச் செருகினால் பெட்டிக்கு வருவது ஒற்றைச் சத்தம்தான் என்று அதற்கே தெரிந்துவிடுகிறது. இரண்டு பக்கத்துக்கும் அதுவே பிரித்துக் கொடுத்துவிடுகிறது. ஏறி இறங்கிய இரைச்சல் அந்த நிமிஷமே போய்விட்டது. படிப்பு படித்து நீ வாங்கி வந்த வயர்தான் தப்பு. போன் போட்டுச் சொன்னேன். நீ சொன்னது ஒரே வார்த்தை: "ஓ."

அந்த "ஓ"வை நான் கொண்டாடி முடிப்பதற்குள் அடியில் இன்னொரு இரைச்சல் இருப்பது தெரிந்தது. பெரிய இரைச்சல் போன பிறகுதான் சின்னது காதில் விழுந்தது. இது கையைக் கொண்டுபோனாலும் மாறவில்லை, வயரை மாற்றினாலும் மாறவில்லை. ஒரே சீராகக் கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. கார்த்திகை, மார்கழி, தை என்று தேடினேன். சிந்தசைசரைத் திறந்து கன்டென்சர்களை மாற்றினேன். பெட்டிக்கு வேறு அடாப்டர் போட்டேன். மின்விசிறியை நிறுத்தினேன், ட்யூப் லைட்டை நிறுத்தினேன், கீழே ஃப்ரிட்ஜையும் நிறுத்தினேன். பால் திரிந்துபோனது. உன் அப்பா மாடிப்படியில் நின்று, "சத்தம் வந்தாத்தான் அது வாத்தியம். நீ ஏன் அத நிறுத்தறதுக்கு இவ்ளோ பாடுபடற?" என்றார். எடமலைப்பட்டி புதூரில் நம் தெரு முழுக்க அந்த வாக்கியம் பரவி, காய்கறிக்காரர்கூட "சத்தம் நின்னுச்சாங்கம்மா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

வைகாசி வந்தது. நித்யாவுக்குப் பூ வைக்க ஸ்ரீரங்கத்துக்குப் புறப்பட்டோம். பூத் தட்டு, பழத் தட்டு, புடவைத் தட்டோடு நான் சிந்தசைசரையும் பெட்டியையும் எடுத்து வைத்தேன். "பொண்ணுக்குப் பூ வைக்கப் போறோமா, கச்சேரிக்குப் போறோமா?" என்றார் உன் அப்பா. சம்பந்திக்குச் சங்கீதம் என்றால் உயிர் என்று நித்யா சொல்லியிருந்தாள். அவர் முன்னால் ஒரு தடவை வாசித்துக் காட்டிவிட வேண்டும், இரைச்சல் இருந்தாலும் இருக்கட்டும், நான் ஒளித்து வைக்கவில்லை என்பது தெரியட்டும் என்று நினைத்தேன். காவிரிப் பாலத்தில் ஆட்டோ குலுங்கியபோதெல்லாம் மடியில் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ பின்னால் பைக்கில் வந்தாய். எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டதும் எனக்குத் தெரிந்தது.

பூ வைத்துக் காபி குடித்த பிறகு சம்பந்தியே கேட்டார். அந்தக் கூடத்தில் ஒரே ஒரு ஸ்விட்ச் போர்டுதான் இருந்தது. அதில் என்னுடைய நாலு சாக்கெட் பெட்டியைச் செருகி, சிந்தசைசர், எஃபெக்ட்ஸ், நான் கொண்டுபோன சின்ன ஆம்பிளிஃபயர், மூன்றையும் அதிலேயே மாட்டினேன். ஆன் செய்தேன். வால்யூமை ஏற்றினேன். இன்னும் ஏற்றினேன். சம்பந்தி முன்னால் குனிந்து, "ஆன்ல இருக்குங்களா?" என்றார்.

ஆனில்தான் இருந்தது. ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. தெருவில் பூக்காரர் போவது கேட்டது. நான் ஒரு சுரத்தை அழுத்தினேன். அது இடது பக்கம் போய் வலது பக்கம் வந்து கூடத்து உத்தரத்தில் கரைந்தது. சம்பந்தி கண்ணை மூடிக்கொண்டார். நீ சுவரோடு சாய்ந்து நின்று, "பாத்தியாம்மா, மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்றாய். ஏழு மாதமாக அந்த மெஷினைத் தூக்கிப் போடச் சொன்னவன் நீ. அன்றைக்கு நான் உன்னிடம் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை என்று உன் அப்பா பயந்துபோனார். பேசாமல் வந்ததற்குக் காரணம் இதுதான். மெஷினில் தப்பில்லை, பெட்டியில் தப்பில்லை, வயரையும் மாற்றியாகிவிட்டது. மிச்சம் இருப்பது என் வீடு. என் வீட்டில் நான் இதுவரை திறந்து பார்க்காத இடம் ஒன்றுதான். அது எது என்று எனக்குத் தெரியும்.

இப்போது மன்னிப்பு வரவேண்டிய இடம் வந்துவிட்டது.

பொன்மலையிலிருந்து எடமலைப்பட்டி புதூர் வீட்டுக்கு வந்த முதல் வருஷம் நீ பதினொன்றாம் வகுப்பு. அப்போது என்னிடம் ஒரு பழைய ஆம்பிளிஃபயர் இருந்தது. அதிலும் ஒரு இரைச்சல் வந்தது. மைக் செட்டுக்காரர்கள் செய்வதைப் பார்த்திருந்தேன்: மூன்று பின் பிளக்கில் பெரிதாக இருக்கிற எர்த் பின்னை உடைத்துவிடுவார்கள், இரைச்சல் நின்றுவிடும். நானும் கட்டிங் பிளேயரால் உடைத்தேன். நின்றது. கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்தப் பின் எதற்காக அங்கே இருக்கிறது என்று யோசிக்கவில்லை. ஆம்பிளிஃபயருக்குள் கரன்ட் கசிந்து அதன் தகரத்துக்கு வந்தால் அதை மண்ணுக்குக் கொண்டுபோகிற வழி அது ஒன்றுதான். ஒரு சனிக்கிழமை காலை நீ குளித்துவிட்டு ஈரத் தலையோடு, துண்டைக் கட்டிக்கொண்டு வந்து மைக்கைக் கையில் எடுத்தாய். எடுத்த நொடியில் நீ பீரோ மேல் போய் விழுந்தாய். பீரோவின் விளிம்பு புருவத்தைக் கிழித்தது. சில நொடிகள் உனக்கு நினைவில்லை. கண்ணைத் திறந்ததும், "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாய்.

"ஈரக் காலோட வந்த, வழுக்கிடுச்சு" என்றேன்.

நீ நம்பினாய். தையல் போட்ட டாக்டரிடமும் அதையே சொன்னேன். உன் அப்பாவிடமும் சொன்னேன். நீ வழுக்கி விழவில்லை, பிரபு. நான் அந்தப் பின்னை உடைத்ததால் உனக்கு ஷாக் அடித்தது. பதின்மூன்று வருஷமாக, யாராவது தரையைத் துடைத்தால், "பாத்துடா, நீ ஏற்கெனவே ஒரு தடவை வழுக்கினவன்" என்று வேறு சொல்லியிருக்கிறேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். உன்னிடம் நான் கேட்கிற மன்னிப்பு இதுதான், முழுசாக.

அந்த ஆம்பிளிஃபயரை அன்றைக்கே உடைத்துப் போட்டேன். அடுத்த வாரம் கொல்லையில் ஆள் உயரத்துக்குக் குழி வெட்டச் செய்து, தாமிரத் தகட்டை இறக்கி, கரியும் உப்பும் மாறி மாறிக் கொட்டி மூடினேன். அதிலிருந்து தடித்த வயர் ஒன்றை மாடி அறைக்கு மட்டும் தனியாக ஏற்றினேன். வீட்டுக்கு ஒரு எர்த் இருந்தது. ஆனால் என் இசை அறைக்கு அதைவிடப் பெரிய எர்த் வேண்டும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். கோடையில் இரண்டு குடம். அது எதற்கு என்று கேட்டவர்களிடம் எல்லாம் சத்தத்துக்கு நல்லது என்றேன். உன்னைக் கீழே தள்ளியதற்கு நான் வெட்டிய குழி அது. அதில் தப்பு இருக்கும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

பூ வைத்த மறுநாள் காலையில் வோல்ட் அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். தீபாவளிக்கு முன்பு எல்லாமே ஒரே போர்டில் இருந்தது. நீ பெட்டியைத் தந்த பிறகு அந்தப் போர்டில் இடம் போதாமல், ஆம்பிளிஃபயரை ஏசிக்காகப் போட்ட போர்டுக்கு மாற்றியிருந்தேன். அந்தப் போர்டு வீட்டு எர்த்தில் இருந்தது. சிந்தசைசர் என் குழி எர்த்தில் இருந்தது. இரண்டு எர்த்துக்கும் நடுவில் மீட்டரை வைத்தேன். சைபர் காட்ட வேண்டிய இடத்தில் மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அந்த மூன்று வோல்ட், சத்தம் போகிற வயரின் உறை வழியாக ஒரு குழியிலிருந்து இன்னொரு குழிக்குச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. ஏழு மாதம் நான் கேட்ட இரைச்சல் அதுதான். இரண்டு இரைச்சல்கள் இருந்தன, பிரபு. ஒன்று நீ வாங்கி வந்தது. ஒன்று நான் வெட்டி வைத்தது.

மெயினை நிறுத்திவிட்டு என் குழி வயரைக் கழற்றினேன். அந்த அறையின் எர்த் எல்லாவற்றையும் வீட்டு எர்த்தோடு ஒன்றாகக் கட்டினேன். சிந்தசைசர், பெட்டி, ஆம்பிளிஃபயர் மூன்றுக்கும் ஒரே போர்டு. ஆன் செய்தேன். இடது பக்கமும் வலது பக்கமும் ஸ்பீக்கர்கள் மூச்சுவிடாமல் நின்றன. ஒரு மணி நேரம் வாசித்தேன். உன் அப்பா மாடிப்படியில் வந்து உட்கார்ந்து, "நின்னுடுச்சா?" என்றார். "நின்னுடுச்சு" என்றேன். "அப்ப இனிமே சாப்பாடு நேரத்துக்கு வருமா?" என்றார்.

இனி ரிசப்ஷன். ஆவணி மாதத்து அந்தச் சாயங்காலம் மேடை ஓரத்தில் எனக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். மைக் செட்டு போட்ட சேகர் மண்டபத்தின் மறுகோடியில், சாப்பாட்டுக் கூடத்து வாசலில், மிக்ஸரை வைத்திருந்தார். வயரைக் கொடுத்தேன். உம்ம்ம். எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் ஒரு போர்டு, நான் வேறொரு போர்டு. நடுவில் மண்டபம் முழுவதும் நீளம். சேகர் வந்து குனிந்து பார்த்தார்.

"ஒண்ணுமில்லக்கா, எர்த் பின்ன எடுத்துட்டா போயிடும். நாங்க எல்லாத்துக்கும் அப்படித்தான். பிளேயர் இருக்கு, ஒரு நிமிசம்."

"பின்ன தொடாதீங்க. உங்க போர்டுலேர்ந்து எனக்கு ஒரு கரன்ட் வயர் இழுத்துக் குடுங்க."

"அவ்ளோ நீளம் இப்ப எங்கக்கா இழுக்கறது? ஆளுங்க உக்காந்துட்டாங்க."

அப்போது நீ வந்தாய். பட்டு வேஷ்டி, மாலை, முகத்தில் மேக்கப். புருவத்துத் தழும்பை மேக்கப்காரர் பூசி மறைத்திருந்தார். கிட்டத்தில் வந்ததால்தான் எனக்குத் தெரிந்தது. நீ என் காதுக்கு அருகே, "அம்மா, ஒரு பாட்டுதானே, பின்ன எடுத்துடச் சொல்லு. ஒண்ணும் ஆகாது" என்றாய். சேகர் கையில் பிளேயர். என் முன்னால் நீ மைக்கைத் தொட்டுக்கொண்டு நிற்கிறாய்.

அதனால்தான் கத்தினேன். "அத ஒடச்சா இந்த மேடைல யாரும் நிக்கக் கூடாது, எறங்கு" என்று கத்தினேன். நாதஸ்வரக்காரர்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார். நித்யாவின் அம்மா எழுந்துவிட்டார். எனக்கு யாரும் கண்ணில் படவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சேகரின் பெரிய வயர் உருளையை நானே எடுத்து, மண்டபத்தின் சுவரோரமாக, பட்டுப் புடவையோடு நாற்காலிகளைத் தள்ளித் தள்ளி உருட்டிக்கொண்டு போனேன். பாதி வழியில் சேகர் ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தார். "விடுங்கக்கா, நான் இழுக்கறேன்" என்றார். "நீங்க அந்தப் பக்கம் செருகுங்க, நான் இந்தப் பக்கம்" என்றேன். கால் மணி நேரம். ஐஸ்கிரீம் உருகியது என்று உன் மாமா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். உருகட்டும்.

எல்லாம் ஒரே போர்டுக்கு வந்தது. உட்கார்ந்தேன். வால்யூமை முழுசாக ஏற்றச் சொன்னேன். அந்தக் கோடியிலிருந்து சேகர் மைக்கில், "அக்கா, ஆன்ல இருக்கா?" என்று கேட்டார். மண்டபம் சிரித்தது. முன்வரிசையில் சம்பந்தி மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அந்த அமைதி என்னவென்று தெரியும். கண்ணை மூடிக்கொண்டு தயாராக இருந்தார். நான் முதல் சுரத்தை அழுத்தினேன். ஒரே ஒரு சுரம். அது மேடையின் இடது பக்கத்திலிருந்து கிளம்பி, மணமக்கள் தலைக்கு மேலாகப் போய், வலது பக்கத்துக் கடைசி நாற்காலியில் இருந்த குழந்தையைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அதற்கடுத்த சுரம் வரும்வரை அந்த மண்டபத்தில் எதுவும் இல்லை. தட்டுச் சத்தம் இல்லை, பேச்சு இல்லை, இரைச்சல் இல்லை. தையல் மெஷினைத் திறந்த நாளிலிருந்து நான் ஜெயித்த எல்லாவற்றையும் சேர்த்தாலும் அந்த அமைதிக்கு ஈடாகாது. முடித்தபோது சேகர் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்து, "இனிமே எங்க செட்டுல பின்ன ஒடைக்க மாட்டேங்க்கா" என்றார். அவர் சொன்னார். நீ சொல்லவில்லை.

இன்று காலை இந்தக் கடிதத்தை உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஷாக் அடித்த பகுதி வந்ததும் தாளை அவரிடம் நீட்டினேன். அவரே வாங்கிப் படித்தார். "எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"அன்னிக்கே பிளக்குல பின் இல்லாதத பாத்தேன். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

"பதிமூணு வருஷமாவா?"

"நீ குழிக்குத் தண்ணி ஊத்திட்டு இருந்த. சரி, ஊத்தட்டும்னு விட்டுட்டேன்."

அந்த உடைந்த பின்னை நான் எறியவில்லை. பொத்தான் டப்பாவின் அடியில், பிளவுஸ் கொக்கிகளோடு, இத்தனை வருஷமாக இருந்தது. பித்தளை கொஞ்சம் கறுத்திருக்கிறது. அதை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். உன் ஸ்டுடியோவில் தினமும் கண்ணில் படுகிற இடத்தில் வை. உன்னிடம் வேலைக்கு வருகிற யாராவது இரைச்சல் வருகிறது என்று பிளேயரை எடுத்தால் அதைக் காட்டி, உன் புருவத்தையும் காட்டு. ஒற்றைத் துளை உள்ள மெஷினுக்கு ஒற்றை வயர் போடு. ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டுகிற எல்லாவற்றுக்கும் ஒரே எர்த் கொடு. நித்யாவும் நீயும் இப்போது ஒரே வீட்டில் இருக்கிறீர்கள். அதில் அவள் அறியாமல் நீ தனியாக ஒரு குழி வெட்டி வைக்காதே. நல்ல எண்ணத்தில் வெட்டினாலும் அது இரையும். எனக்கு அது ஏழு மாதம் கேட்டது.

கடைசியாக ஒன்று. நித்யாவின் பெரியப்பாவுக்கு நீ போன் போட வேண்டும். "அன்னிக்குச் சரி பண்ணது எங்கம்மாங்க." நாலே வார்த்தை. வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடு. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லப் பதின்மூன்று வருஷம் எடுத்துக்கொண்டேன். உனக்கு அவ்வளவு நாள் கொடுக்க மாட்டேன்.

அம்மா